பாயச இனிப்பில் வரும் கிராஃப்ட் பீர்: நீலகிரிக் குளிரில் ருசி பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சாக்லேட் கேக், காரமல், தேங்காய் பர்ஃபி, வனிலா ஐஸ்கிரீம் என்று இனிப்புக் கடை அலமாரியில் இருப்பதெல்லாம் இப்போது கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் காய்ச்சுகிற பீர், லேபிளிலும் வந்துவிட்டன. குடித்துப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது அமிர்தம். இன்னொரு கட்சிக்கு இது பீரே இல்லை, சர்க்கரைத் தண்ணீர். இரண்டு கட்சியிலுமே பெரும்பாலானவர்கள் பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் பெரிய மக்கில் ஊற்றி, மடமடவென்று குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னவர்கள் என்பது என் எண்ணம்.

இந்த வகை பீரில் இனிப்பு என்பது மேலே தெரிகிற பூச்சு. அதற்கு அடியில் வறுத்த மால்ட் (முளைகட்டிய பார்லி), ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு, நல்ல புளிப்பேற்றம் (ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் நொதித்தல்) எல்லாம் சேர்ந்த ஒரு பீர் நிற்கிறதா, இல்லையா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ருசி பார்க்கிறோம். அதற்குப் பொறுமையும் மிதமான குளிரும் வேண்டும். பொறுமை நம் கையில் இருக்கிறது. குளிரை ஊட்டியும் குன்னூரும் கோத்தகிரியும் சும்மாவே தருகின்றன.

மலைக்கு பீர் புதிதும் இல்லை. குளிர்பதன வசதி இல்லாத காலத்தில் சமவெளி வெயிலில் பீர் காய்ச்சுவது பெரும் பாடு. மலையில் குளிரும் நல்ல தண்ணீரும் இருந்ததால் 19-ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரியில் மதுவாலைகள் வந்துவிட்டன. 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் சில மதுவாலைகளை ஒன்றாக இணைத்து யுனைடெட் புரூவரீஸைத் தொடங்கியபோது, நீலகிரி புரூவரியும் அதில் ஒன்று.

தொடங்கும் முன் ஒன்று: தமிழ்நாட்டில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆகியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அவர்களுக்குத்தான்.

முதலில், பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது

இனிப்புப் பலகாரச் சுவை பீர்களில் பெரும்பாலானவை ஸ்டவுட் வகை. கிட்டத்தட்டக் கருகும் பதம் வரை வறுத்த பார்லியால் வருகிற கறுப்பு நிறமும், காபி, கோகோ மாதிரியான கசப்பும் ஸ்டவுட்டின் அடையாளம். சாக்லேட் வாசம் வருவதற்கு சாக்லேட் போட்டே ஆக வேண்டும் என்றில்லை. வறுத்த மால்ட்டே அதைத் தந்துவிடும்.

அடுத்த படி மில்க் ஸ்டவுட். பால் சர்க்கரையான லாக்டோஸைச் சேர்த்துக் காய்ச்சுவது. பீர் ஈஸ்ட்டால் லாக்டோஸைத் தின்ன முடியாது. மற்ற சர்க்கரையெல்லாம் ஆல்கஹாலாக மாறிவிட, லாக்டோஸ் மட்டும் அப்படியே தங்கி, லேசான இனிப்பையும் பாலாடை மாதிரி ஒரு வழவழப்பையும் தருகிறது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மேக்கெசன் நிறுவனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பிரபலமாக்கிவிட்டது. ஆகவே இனிப்பு பீர் என்பது நேற்று முளைத்த மோகம் இல்லை.

அதற்கும் மேலே போனது பேஸ்ட்ரி ஸ்டவுட். ஆல்கஹால் அதிகமான இம்பீரியல் ஸ்டவுட்டை எடுத்துக்கொண்டு, வனிலா, கோகோ, காபி, பட்டை, தேங்காய், மேப்பிள் பாகு, பருப்பு வகைகள் என்று கேக் செய்முறையே போல அடுக்குவது. சுவீடனின் ஓம்னிபொல்லோ காய்ச்சும் நோவா பீக்கன் மட் கேக், அமெரிக்காவின் சதர்ன் டியர் காய்ச்சும் கிரெம் புருலே ஸ்டவுட் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. சாதாரண பீர் புளித்து முடியும்போது அதன் அடர்த்தி எண் (தண்ணீருக்கு 1.000) 1.010 அருகில் வந்து நிற்கும். பேஸ்ட்ரி ஸ்டவுட்டில் 1.030-ஐத் தாண்டியே நின்றுவிடும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் புளிக்காமல் மிஞ்சிய சர்க்கரை. நாக்கில் பாகு மாதிரி படுவது அதனால்தான்.

பாட்டில் வாங்குவதும் லேபிள் படிப்பதும்

டாஸ்மாக்கின் எலைட் கடைகளில் வெளிநாட்டு பீர் வைத்திருப்பார்கள். ஸ்டவுட் கிடைப்பது அன்றைய இருப்பைப் பொறுத்தது. உரிமம் பெற்ற ஹோட்டல் பார்களிலும் கேட்டுப் பார்க்கலாம். பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் ‘ரெண்டு பாட்டில்தானே’ என்று பையில் போட்டுக்கொண்டு வரும் வழக்கம் உண்டு. அது வேண்டாம். அனுமதி இல்லாமல் வேற்று மாநில மதுவைக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், கர்நாடக எல்லையில் உள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியில் வண்டியைச் சோதிப்பார்கள். பெங்களூர் பீரைப் பெங்களூரிலேயே, காய்ச்சிய இடத்திலேயே குடித்துப் பார்ப்பது அதற்கும் மரியாதை.

இன்னொரு விஷயம், இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பீருக்கு 8 சதவீத ஆல்கஹால்தான் உச்சவரம்பு. அதனால் இங்கே கடையில் கிடைப்பது பெரும்பாலும் மில்க் ஸ்டவுட், சாக்லேட் ஸ்டவுட் மாதிரி மென்மையானவை. 10, 11 சதவீத பேஸ்ட்ரி ஸ்டவுட் உங்கள் கைக்கு வந்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோ நண்பரோ சுங்க விதி அனுமதிக்கும் 2 லிட்டருக்குள் கொண்டுவந்ததாக இருக்கும். இந்த வழிகாட்டி இரண்டுக்கும் பொருந்தும்.

லேபிளில் நான் முதலில் தேடுவது தேதி. ‘கறுப்பு பீர் நாள் ஆக ஆக நன்றாகும்’ என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மால்ட்டும் ஆல்கஹாலும் வயதைத் தாங்கும். மேலே சேர்த்த வாசனைகள் தாங்காது. தேங்காயும் காபியும் முதலில் போகும், காபி போகிற போக்கில் பச்சைக் குடமிளகாய் வாசத்தை விட்டுவிட்டுப் போகும். வனிலாவும் மெல்ல மங்கிவிடும். ஆகவே பலகார பீரைப் பத்திரப்படுத்தி வைப்பதில் லாபம் இல்லை. கிடைத்ததும் திறந்துவிடுங்கள்.

அடுத்தது சேர்பொருள் பட்டியல். லாக்டோஸ் என்று இருந்தால், பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கும். பீக்கன், ஹேசல்நட், நிலக்கடலை இருந்தால், ஒவ்வாமை உள்ளவர்கள் குடிக்கக் கூடாது, மோந்து பார்ப்பதற்கே யோசிக்க வேண்டும். விருந்துக்கு வந்தவர்களிடம் ஊற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அறையும் மூக்கும்

இது நீலகிரிக்காரர்களுக்கு முக்கியமான படி. நம் ஊரில் சளி பிடித்தாலும் தைலம், தலை வலித்தாலும் தைலம், கால் வலித்தாலும் தைலம். யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு யார் கைக்குட்டையில் இருந்தாலும் அந்த அறையில் அன்றைக்கு வனிலா தெரியாது. தைலம் தேய்த்தவரை அடுத்த அறையில் உட்கார வைப்பது மரியாதை இல்லை, ருசி பார்ப்பதை மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள். ஊதுபத்தி, கணப்பு அடுப்பின் புகை, அப்போதுதான் தாளித்த சமையல் வாசம் எல்லாமே இதே கணக்கில் வரும்.

வெளியே குளிரில் நடந்துவிட்டு உள்ளே வந்தவருக்குக் கொஞ்ச நேரம் மூக்கில் நீர் கோத்திருக்கும். பத்து நிமிஷம் உட்கார்ந்து, வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் குடித்த பிறகு தொடங்கலாம். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது, நான் விரும்புவது மாலை ஐந்து மணி. அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குக் காபி, டீ, வெற்றிலை பாக்கு, மிளகாய் பஜ்ஜி எதுவும் வேண்டாம்.

எவ்வளவு குளிர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் குடிக்காதீர்கள்.

நம் ஊரில் ‘கூலிங் இருக்கா?’ என்பதுதான் பீர் வாங்குகிறவரின் முதல் கேள்வி. வெயிலில் குடிக்கிற லாகருக்கு, அதாவது கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் வெளிர் நிற பீருக்கு, அது சரி. 4, 5 டிகிரி செல்சியஸில் ஸ்டவுட் பாதி ஊமை. வாசனை மூலக்கூறுகள் காற்றில் எழுவது குளிரில் குறைந்துவிடுகிறது, நாக்குக்கும் இனிப்பு மங்கலாகத்தான் தெரிகிறது, வாயுவின் சுருக்கென்ற கடியும் கசப்பும் மட்டும் மேலே நிற்கும். மாறாக, சமவெளியில் 30 டிகிரியில் வைத்துக் குடித்தால் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், இனிப்பு திகட்டும்.

இந்த பீருக்கு ஏற்றது 10 முதல் 14 டிகிரி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் ஊட்டியில் பல வீடுகளுக்குள் இருப்பதே ஏறக்குறைய இந்தக் குளிர்தான். அந்த மாதங்களில் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கவே தேவையில்லை, வெளிச்சம் படாத அலமாரியில் நிமிர்த்தி வைத்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில், அல்லது ஊட்டியைவிடத் தாழ்வான குன்னூர், கோத்தகிரியில் என்றால், ஃபிரிட்ஜில் குளிரவைத்து, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் ஒரு தடவை அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு கிளாஸைத் தொட்டாலே கைக்குப் பழகிவிடும்.

நான் 8 டிகிரி அளவில் தொடங்கி, 15 டிகிரி வரை ஏற விட்டு, அந்த இடைவெளி முழுக்க ருசி பார்ப்பேன். சென்னையில் இந்தப் பயணம் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். இங்கே ஒரு மணி நேரம்கூட நீளும். மலை இந்த பீருக்குச் செய்கிற பெரிய உபகாரம் இதுதான்.

கிளாஸ்

வாய் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் போதும். டியூலிப் கிளாஸ் இருந்தால் இன்னும் நல்லது. எவர்சில்வர் டம்ளர் நம் கைக்குப் பழகியது, ஆனால் நிறமும் தெரியாது, வாசமும் நிற்காது. சோப்பு போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் பல முறை அலசி, துடைக்காமல் கவிழ்த்து உலர விடுங்கள். துடைக்கிற துணியின் எண்ணெய்ப் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும்.

திறப்பதும் ஊற்றுவதும்

ஊட்டிக் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் எல்லாம் ஊதிப்போய் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சமவெளியில் அடைத்த காற்று இங்கே வந்ததும் பாக்கெட்டை முட்டித் தள்ளுகிறது. பீருக்கும் அதே கதை. மூடி திறந்ததும், கரைந்திருக்கிற கார்பன் டை ஆக்சைடு சமவெளியைவிட வேகமாக வெளியேறப் பார்க்கும். மலைப்பாதை வளைவுகளில் குலுங்கி வந்த பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம், மேஜை முழுக்க நுரைதான்.

அதனால் வந்து சேர்ந்த பாட்டிலை ஒரு நாளாவது அசையாமல் நிமிர்த்தி வையுங்கள். மூடியை ஒரேயடியாகப் பிடுங்காமல் லேசாக நெம்பி, ‘உஸ்’ஸென்று வரும் காற்று அடங்கிய பிறகு முழுதாக எடுங்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வழிய விட்டு, கடைசியில் நிமிர்த்தி ஒரு விரல்கடை நுரை வருகிற மாதிரி முடியுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், மீதி இடம் வாசத்துக்கு. பாட்டிலின் அடியில் கோகோத் தூளும் ஈஸ்ட்டும் தங்கியிருக்கும், கடைசி வாயளவை அதிலேயே விட்டுவிடலாம்.

பார்ப்பது

இதில் அதிக நேரம் வேண்டாம். நிறம் கறுப்பு. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் விளிம்பில் கருஞ்சிவப்பு தெரியும். நுரை வெளிர் காபி நிறத்தில் இருக்கும். தேங்காயோ பருப்போ சேர்த்திருந்தால் அவற்றின் எண்ணெயால் நுரை சீக்கிரம் அடங்கிவிடும், அதைக் குறையாக எண்ண வேண்டாம். சுழற்றினால் கிளாஸின் உள்சுவரில் மெதுவாக வழிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு கனமான பீர் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

மோந்து பார்ப்பது

பாதி ருசி இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

முதல் சுற்றில் கிளாஸை மார்புக்கு நேராகப் பிடித்து, எதுவும் செய்யாமல் சாதாரணமாக மூச்சு விடுங்கள். அந்தத் தூரத்திலேயே லேபிளில் போட்டிருக்கிற வாசம், அதாவது வனிலாவோ தேங்காயோ, உங்களைத் தேடி வந்துவிடும். வந்தால் நல்லது, ஆனால் அதில் மயங்கிவிடாதீர்கள். இரண்டாம் சுற்றில் கிளாஸின் வாயைக் கையால் மூடி, ரெண்டு சுற்று சுழற்றி, கையை எடுத்தவுடன் மூக்கை உள்ளே கொண்டுபோய்க் குறுகிய மூச்சாக இரண்டு மூன்று முறை இழுங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு அலுத்துவிடும்.

இப்போது வனிலாவை ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குப் பின்னால் என்ன என்று தேடுங்கள். வறுத்த வாசம் இருக்கிறதா? டிக்காஷன் இறங்கும்போது வருகிற வாசமா, அடுப்பில் ஒரு கணம் அதிகமாக விட்ட எள்ளா, கருப்பட்டியா, பேரீச்சையா? இரண்டு நிமிஷம் தேடியும் லேபிள் வாசத்தைத் தவிர வேறு எதுவுமே வரவில்லை என்றால் எனக்குச் சந்தேகம் தொடங்கிவிடும். எசென்ஸ் ஊற்றிச் சரிக்கட்டிய பீர் அப்படித்தான் இருக்கும்.

மூக்கு குழம்பினால் காபிக்கொட்டை தேட வேண்டாம். உங்கள் சட்டைக் கையையே மோந்து பாருங்கள், மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

கோத்தகிரியில் நண்பர் வீட்டில், தேங்காயும் வனிலாவும் சேர்த்த ஒரு ஸ்டவுட்டைத் திறந்தோம். ஆண்கள் எல்லோரும் ‘ஆகா, தேங்காய் பர்ஃபி’ என்று ஒரே குரலில் சொன்னோம், லேபிளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நண்பரின் மனைவி குடிக்க மாட்டார். கிளாஸை வாங்கி மோந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். “பர்ஃபி இல்லண்ணா. இது கொப்பரை. டப்பாவுல போட்டு மறந்துட்ட கொப்பரை” என்றார். அவர் சொன்ன பிறகு மோந்தால் அந்தச் சிக்குப்பிடித்த எண்ணெய் வாசம் எங்கள் எல்லோருக்குமே பளிச்சென்று தெரிந்தது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தோம், அடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லேபிளைப் படிக்காத மூக்குதான் அன்றைக்குச் சரியாகச் சொன்னது. அதிலிருந்து, விருந்தில் லேபிளைத் துணியால் சுற்றித்தான் ஊற்றுகிறேன். யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரு வரியாவது தாளில் எழுதிவிட வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். ஒருவர் ‘சாக்லேட்’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் மூக்கும் அந்தப் பக்கமே போய்விடும்.

வாயில் வைப்பது

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்து ‘சர்ர்’ என்று சத்தம் வர உறிஞ்சுவார்கள். காற்றோடு கலந்து உள்ளே போனால்தான் வாசம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பீருக்கும் அதே வித்தையைக் கடன் வாங்கலாம், அவ்வளவு சத்தம் தேவையில்லை. அவர்கள் துப்பிவிடுவார்கள், நாம் கொஞ்சமாக விழுங்குவோம். பீரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுசாகத் தெரியும்.

முதல் வாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது வாயை ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் நாக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், அது தவறு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும். அதனால்தான் முழு வாயும் நனைய வேண்டும்.

மூன்றாவது வாயில் ஒரு சோதனை. மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு வாயில் விடுங்கள். வனிலா, தேங்காய், சாக்லேட் எல்லாம் மாயமாகிவிடும். மிஞ்சுவது வெறும் இனிப்பு, கசப்பு, லேசான புளிப்பு, கனம், சூடு. இதுதான் பீரின் எலும்புக்கூடு. அந்த எலும்புக்கூட்டில் இனிப்பும் கசப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு விழுங்கி, மூக்கை விடுங்கள். வாசம் ஒரே அலையாகத் திரும்பி வரும். வனிலாவுக்குத் தனியாக இனிப்பே கிடையாது என்பதும் இந்தச் சோதனையில் புரியும். சின்ன வயதிலிருந்து கேக்கிலும் ஐஸ்கிரீமிலும் சேர்த்தே தின்று பழகியதால் அந்த வாசம் வந்தாலே இனிக்கிற மாதிரி மூளை எடுத்துக்கொள்கிறது. சாமர்த்தியமான மதுக்காய்ச்சுநர் இதைப் பயன்படுத்திச் சர்க்கரையைக் குறைப்பார்.

விழுங்கிய பிறகு அடுத்த வாயை உடனே எடுக்காதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். என் தீர்ப்பெல்லாம் இந்த இருபதுக்குள்தான் வருகிறது. நல்ல பலகார பீரில் முதலில் இனிப்பு பரவும், ஐந்தாறு எண்ணுவதற்குள் வறுத்த கசப்பு எழுந்து அந்த இனிப்பைத் துடைத்துவிடும், கடைசியில் வாய் ஓரளவு காய்ந்து, இன்னொரு வாய் கேட்கும். மோசமானதில் இருபது எண்ணி முடித்த பிறகும் பல்லில் பாகு ஒட்டியிருக்கும், உதடு பிசுபிசுக்கும், தண்ணீர்தான் கேட்கும். எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும், எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும், தண்ணீர் கேட்கிற பீரை நான் நல்ல பீர் என்று சொல்ல மாட்டேன்.

ஆல்கஹாலையும் இங்கேயே பாருங்கள். 10, 11 சதவீத பீரில் நெஞ்சுக்கு இதமான சூடு வரலாம். தொண்டையை எரிக்கிறது என்றால் புளிப்பேற்றம் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம்.

குறைகளை அடையாளம் காண்பது

இனிப்பு பல குறைகளை மறைத்துவிடும் என்பதால் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். உருக்கிய நெய், வெண்ணெய் தடவிய பாப்கார்ன் மாதிரி வாசம் வந்தால் அது டயசெட்டில் என்ற வேதிப்பொருள், ஈஸ்ட் வேலையை முழுசாக முடிக்கவில்லை. காரமல் பீரில் இதை ‘டாஃபி’ என்று எடுத்துக்கொண்டு ஏமாறுவது சுலபம். ஊட்டி ஏரிக்கரையில் விற்கிற வேகவைத்த சோளத்தின் வாசம் வந்தால் அது டைமெத்தில் சல்ஃபைடு, காய்ச்சுவதில் வந்த கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் காற்றுப் பட்டுக் கெட்டிருக்கிறது. பச்சை ஆப்பிள் வந்தால் அவசரமாக அடைத்த பீர். சோயா சாஸ் மாதிரி உப்புக் கலந்த வாசம் நாள்பட்ட ஸ்டவுட்டில் வரும், மிகக் கொஞ்சம் இருந்தால் சிலருக்குப் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. எதிர்பாராத புளிப்பு இருந்தால் நுண்ணுயிர் புகுந்திருக்கிறது, மேற்கொண்டு குடிக்க வேண்டியதில்லை.

சூடு ஏற ஏற

கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள். பதினைந்து, இருபது நிமிஷம் கழித்து அதே பீரை மறுபடியும் மோந்து, மறுபடியும் ஒரு வாய். இப்போது கிளாஸின் அடியை உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளலாம். முதலில் ‘கோகோ’ என்று எழுதியது இப்போது மில்க் சாக்லேட்டாக மாறியிருக்கும், பட்டையோ பேரீச்சையோ புதிதாகத் தலைகாட்டும். மூன்றாவது முறை, ஏறக்குறைய 15 டிகிரியில், பீர் எதையும் மறைக்க முடியாது. அந்த நிலையிலும் கசப்பு தன் இடத்தில் நின்றால் அது கெட்டிக்காரர் காய்ச்சியது. திகட்டத் தொடங்கினால், குளிரில் நன்றாக இருந்ததாகத் தோன்றியதெல்லாம் குளிரின் வேலை.

முடிந்தால் பக்கத்தில் எதுவும் சேர்க்காத ஒரு சாதாரண ஸ்டவுட்டையும் வைத்து மாற்றி மாற்றி ருசி பாருங்கள். பலகார பீரில் எது மால்ட்டிலிருந்து வந்தது, எது மேலே சேர்த்தது என்று பிரித்தறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தொட்டுக்கொள்ள

பாதிக் கிளாஸ் வரை வெறும் பீர் மட்டும். அப்புறம் தின்பண்டம். பீரைவிட இனிப்பான எதையும் கூட வைக்காதீர்கள், நாக்கு அந்த இனிப்புக்குப் பழகியதும் பீர் வெறும் கசப்பாகத் தெரியும். அல்வாவும் குலாப் ஜாமூனும் இதில் தோற்றுவிடும். ஊட்டி ஹோம்மேட் சாக்லேட் என்றால் மில்க் சாக்லேட்டை விட்டுவிட்டு, சர்க்கரை குறைந்த டார்க் சாக்லேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

என் முதல் தேர்வு வர்க்கி. விறகு அடுப்பில் சுட்ட, அடுக்கடுக்காக நொறுங்குகிற வர்க்கியில் இனிப்பு பெயருக்குத்தான் இருக்கும், உப்பும் கொழுப்பும் கருகிய ஓரமும் முன்னால் நிற்கும். ஒரு துண்டை உடைத்து, மென்று, விழுங்கும் முன் ஒரு வாய் பீர். வர்க்கியின் கொழுப்பு கசப்பை மழுக்க, பீரின் வாயு அந்தக் கொழுப்பை அலசிவிடும். டீக்கடையில் வர்க்கியை டீயில் நனைத்துத் தின்று பழகியவர்கள் இதில் நனைக்க வேண்டாம், நொறுங்கிக் கிளாஸ் கலங்கிவிடும். உப்புக்கடலை, வயதான சீஸ் ஆகியவையும் நன்றாகப் பொருந்தும். மிளகாய்க் காரம் வேண்டாம், ஆல்கஹாலோடு சேர்ந்து வாயை எரிக்கும்.

அளவும், அதற்குப் பிறகும்

330 மி.லி. கொண்ட 11 சதவீத பாட்டிலில் இருக்கிற ஆல்கஹால் சுமார் 36 மி.லி. 5 சதவீத லாகரின் 650 மி.லி. பெரிய பாட்டிலில் இருப்பதைவிட அது அதிகம். இனிப்பாக இருப்பதால் ஏறுவது தெரியாது. நான்கு பேருக்கு ஒரு சின்னப் பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 80 மி.லி. வரும். மேலே சொன்ன எல்லாப் படிகளுக்கும் அது தாராளம்.

வண்டி ஓட்டுகிறவர் மோந்து பார்ப்பதோடு நிறுத்த வேண்டும். சட்டம் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கல்லட்டி மாதிரி பாதையில் அந்த எல்லைக்குள் இருப்பதுகூடப் போதாது. பனி இறங்கும் மாலையில் ஓட்டுகிறவருக்கு முழுத் தெளிவு வேண்டும். ருசி பார்ப்பதை இரவு தங்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது. காட்டோரத்திலோ, வியூ பாயிண்டிலோ, வண்டியை ஓரங்கட்டியோ பாட்டில் திறக்கவே கூடாது. உடைந்த பாட்டில் கண்ணாடி யானையின் காலில் ஏறினால் அந்தப் புண் ஆறுவது கஷ்டம், பெருங்காயமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். இதற்காகத்தான் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2022 மே மாதம் முதல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் தருகிற திட்டம் வந்தது. அங்கே வாங்கிய பாட்டிலை அங்கேயே கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலைக் கழுவி, உடையாமல் குப்பை சேகரிக்க வருபவரிடம் தனியாகக் கையில் கொடுங்கள்.

கிளாஸில் மிஞ்சினால் மறுநாளைக்கு மூடி வைத்துக் குடிக்க முடியாது, வாயு போய்ச் சப்பென்று ஆகிவிடும். சாக்லேட் கேக் மாவில் பாலுக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் செய்முறையில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் ஆல்கஹால் முழுக்கப் போய்விடாது என்பதால் அந்தக் கேக்கைக் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.